காவல் கப்பலும் சந்தேகக் குண்டும்



2006-ஆம் ஆண்டு இந்தியக் கடற்படையில் 'பங்காரம்' வகை ரோந்துக் கப்பல்கள் நான்கு சேர்ந்தன. கல்கத்தாவின் கார்டன் ரீச் தளத்தில் கட்டப்பட்டவை. சுமார் 46 மீட்டர் நீளம், 30 மி.மீ. பீரங்கி. நடுக்கடல் போருக்கல்ல, கரையோரக் காவலுக்கும் கடத்தல் தடுப்புக்கும் மீன்வளப் பாதுகாப்புக்கும் என்றே வந்தவை. மீனவனுக்குத் துணை நிற்க வேண்டியவை என்று பொருள்.

நடந்தது என்ன? 2022 அக்டோபர் 21 அதிகாலை, பாக் நீரிணைப் பகுதியில் நம் மீனவர் பத்துப் பேர் சென்ற படகை நோக்கி அந்தப் பங்காரம் கப்பலே சுட்டது. இலங்கைக் கடற்படை சுட்டது என்று கேட்டுக் கேட்டுப் புளித்த காதுகளுக்கு இது புதுச் செய்தி! குண்டுக் காயமடைந்த மயிலாடுதுறை மாவட்ட மீனவர் ஹெலிகாப்டரில் உச்சிப்புளிக்கும், இராமநாதபுரம் வழியாக நம் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கும் கொண்டுவரப்பட்டார். சந்தேகத்துக்கிடமான படகு, பலமுறை சொல்லியும் நிற்கவில்லை, எச்சரிக்கைக்காகவே சுட்டோம் என்றது கடற்படை. விசாரணைக்கும் உத்தரவிட்டது. முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

சந்தேகம்! இந்தச் சொல்லின் எடை நம் இளைஞர்களுக்குத் தெரியாததல்ல. 'சந்தேகத்தின் பேரில்' அழைத்துச் செல்லப்பட்டு ஆண்டுக்கணக்கில் சிறையில் வாடியோர் நம் தெருக்களிலேயே உண்டு. சுடப்பட்டவன் எங்கோ ஒரு மீனவன், நமக்கென்ன என்று கல்லாவில் உட்கார்ந்திருக்க நம் வணிகப் பெருமக்களுக்கும் நியாயமில்லை. மதுரைச் சந்தைக்கு மீனும் கருவாடும் வருவது அந்தக் கடலிலிருந்துதானே?

இன்னொன்று. இக்கப்பல்களுக்கு வைத்தவை தீவுகளின் பெயர்கள். பங்காரம், பித்ரா இரண்டும் லட்சத்தீவைச் சேர்ந்தவை. பித்ராவில் 2011 கணக்கெடுப்புப்படி 271 பேர். கடலை நம்பி வாழும் முஸ்லிம்கள். 2025 ஜூலையில், பாதுகாப்புத் தேவைக்காக அத்தீவு முழுவதையும் கையகப்படுத்த ஆய்வு நடத்தும் அறிவிப்பு வந்தது. நிலத்துக்காரர்களின் சம்மதம் தேவையில்லை என்றும் அதில் கண்டிருந்தது! எம்.பி. ஹம்துல்லா சயீத் எதிர்த்துக் குரல் கொடுத்தார். பெயர் கப்பலுக்கு வேண்டும்; பெயருக்குரிய மண்ணின் மக்கள் வேண்டாமா?

நாட்டின் பாதுகாப்புக்கு நாம் குறுக்கே நிற்பவர்களல்லர். நாம் கேட்பவை மூன்றுதான். அன்றைய துப்பாக்கிச் சூட்டு விசாரணையில் கண்டது முழுவதும் மக்கள் மன்றத்தில் வைக்கப்பட வேண்டும். பாக் நீரிணையில் சுற்றும் ஒவ்வொரு கப்பலிலும் எச்சரிக்கை தமிழில் ஒலிக்க வேண்டும். பித்ரா மக்களின் ஒப்புதலின்றி ஒரு பிடி மண்ணும் எடுக்கப்படக் கூடாது. மதுரை, இராமநாதபுரம் எம்.பி.க்களிடம் ஜமாஅத்துகளும் வணிகர் சங்கங்களும் இவற்றை எழுத்தில் கொடுக்கட்டும்.