சூப்பர்வைசர் யார் என்று கேளுங்கள்

மதுரையில் பேருந்து நிறுத்தச் சுவர்களில் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிற நோட்டீஸ் ஒன்று உண்டு: ஆறு வாரத்தில் கவுன்சலர் ஆகலாம், வகுப்பு ஆன்லைனில், சான்றிதழ் நிச்சயம். சிலவற்றில் சிக்மண்ட் ஃப்ராய்டின் தாடிப் படமும் இருக்கிறது. அந்தத் தாடிக்கும் ஆறு வாரத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். நோயாளிகளைப் பார்ப்பதோடு, பயிற்சியில் இருக்கும் பிள்ளைகள் நடத்தும் சிகிச்சையை மேற்பார்வையிடும் சூப்பர்விஷனும் செய்கிறேன். நாங்கள் செய்வது உளஇயக்கவியல் சிகிச்சை. ஒருவருடைய இன்றைய துன்பத்துக்குள் அவருக்கே தெரியாமல் வேலை செய்துகொண்டிருக்கும் பழைய உறவுகளையும் பயங்களையும், அவரோடு உட்கார்ந்து பேசிப் பேசிக் கண்டுபிடிப்பது. நனவிலி மனம், தற்காப்பு உத்திகள், டிரான்ஸ்ஃபரன்ஸ் (பழைய உறவுகளின் உணர்வுகளைச் சிகிச்சை தருபவர்மேல் ஏற்றுவது) என்று அதன் அடிப்படைகளை ஒரு செமஸ்டரில் படித்துவிடலாம். ஆனால் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையும் நோயாளி எதிரில் உட்கார்ந்ததும் செய்வது ஒன்றே: புத்திமதி சொல்வது. கஷ்டத்தைச் சொன்னவரைச் சும்மா அனுப்பக் கூடாது என்பது நம் வீட்டுப் பழக்கம்.

ஒரு மாணவியிடம் வந்தவர் முப்பது வயதைத் தாண்டியவர். தூக்கம் இல்லை, அலுவலகத்தில் எரிச்சல். (ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நேரத்துக்கு வந்துகொண்டிருந்தவர் ஒரு வாரம் இருபது நிமிடம் தாமதமாக வந்தார். வந்தவர், வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வேறு கம்பெனிக்குப் போன மேனேஜரை வறுத்தெடுத்தார். மாணவி கோபத்தைக் குறைக்க மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட்டு, நடந்ததை நினைவிலிருந்து எழுதிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“அதுக்கு முந்தின வாரம் கடைசியா நீ என்னம்மா சொன்னே?”

“ஒண்ணும் இல்ல மேடம். அக்கா கல்யாணம், ரெண்டு வாரம் லீவுன்னு சொன்னேன்.”

“சின்ன வயசுல அவரை யாரு விட்டுட்டுப் போனா?”

நோட்டைப் புரட்டினாள். “அப்பா சவுதிக்குப் போயிருக்கார் மேடம். இவருக்கு அப்ப அஞ்சு வயசு.”

மேனேஜர், அப்பா, எதிரே உட்கார்ந்திருக்கும் தெரபிஸ்ட். லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கின் டேவிட் மலன் 1979இல் வந்த தன் நூலில் இந்த மூவரையும் ஒரு முக்கோணத்தின் மூலைகளாக வைத்துக் காட்டினார். என் மாணவி அதை வரைந்து மதிப்பெண் வாங்கியவள்தான். அதில் ஒரு மூலையில் தானே உட்கார்ந்திருப்பதைப் பாடப்புத்தகம் அவளுக்குச் சொல்லவில்லை. அடுத்த முறை அவரிடம், “நான் லீவுன்னு சொன்னது உங்களுக்கும் கோபமா இருந்திருக்கலாம்” என்றாள். அவர் சிரித்து, அதெல்லாம் இல்லை என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, அப்பா விமானம் ஏறிய நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

வகுப்பை நான், இந்தச் சிகிச்சைக்கு மூலமான உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டின் தோல்வியிலிருந்துதான் தொடங்குவேன். டோரா என்ற புனைபெயரால் அறியப்படும் பதினெட்டு வயதுப் பெண் 1900இல் அவரிடம் வந்து, ஏறக்குறைய பதினோரு வாரத்தில் சிகிச்சையை நிறுத்திவிட்டுப் போனாள். யார் யாரிடமோ கொண்டிருந்த உணர்வுகளை அவள் தன்மீது ஏற்றியதைத் தக்க சமயத்தில் கவனிக்கத் தவறியதாக, 1905இல் அந்த கேஸை வெளியிட்டபோது ஃப்ராய்டே ஒப்புக்கொண்டார். எனக்கு அவர்மேல் பக்தி கிடையாது. பெண்களைப் பற்றி அவர் எழுதியதில் பலவற்றைச் சகிக்க முடியாது. ஆனால் தவறிய கேஸை எடுத்து முன்னால் வைக்கிற அந்தப் பழக்கத்தில்தான் இந்தப் படிப்பின் உயிர் இருக்கிறது. முறையான பயிற்சியும் பழையதுதான்: 1920இல் பெர்லினில் பணமில்லாதவர்களுக்கும் சிகிச்சை தந்த கிளினிக் ஒன்று தொடங்கியது. பாடம், மேற்பார்வையில் சிகிச்சை, மாணவர் தாமே சிகிச்சைக்கு உட்படுவது என்ற மூன்றும் சேர்ந்த பயிற்சிமுறை அங்கேதான் உருவானது. இது வெள்ளைக்காரச் சமாச்சாரம் என்று யாராவது சொன்னால், கிரீந்திரசேகர் போஸ் 1922லேயே கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார் என்று சொல்லுங்கள்.

காசு செலவில்லாத பாடம் ஒன்றும் உண்டு. 1948இல் எஸ்தர் பிக் டாவிஸ்டாக்கில் ஆரம்பித்துவைத்தது. மாணவர் ஒரு கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போய், ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள். அங்கே குறிப்பு எடுக்கக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது, வீட்டுக்கு வந்து எழுத வேண்டும். நம் ஊரில் இதைச் செய்து பாருங்கள். முதல் நாளே பாட்டி கேட்பார்: “எதுக்கும்மா சும்மாவே உட்கார்ந்திருக்கே? பிள்ளையைக் கொஞ்சம் தூக்கு.” தூக்கலாமா, கூடாதா? காப்பி கொடுத்தால் குடிக்கலாமா? பிள்ளை அழும்போது அம்மா போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர்மேல் கோபம் வருகிறதே, அது யாருடைய கோபம்? ஒரு மாணவன் மூன்றாம் மாதத்தில் எழுதிவந்தான்: குழந்தை பசியில் அழவில்லை, அம்மா அறையை விட்டுப் போகப் போகிறார் என்று தெரிந்ததும் அழுதது. அதைப் படித்தபோது, இனி இவனை நோயாளியிடம் அனுப்பலாம் என்று எனக்குத் தோன்றியது.

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் வரிசை வாசல்வரை நிற்கிறது, இதற்கெல்லாம் நேரம் ஏது என்று சக மருத்துவர்கள் கேட்கிறார்கள். நியாயம். தற்கொலை எண்ணத்தோடு வருபவருக்கும், குரல்கள் கேட்கின்றன என்பவருக்கும் முதலில் தேவை மனநல மருத்துவரும் மருந்தும்தான், முக்கோணம் காத்திருக்கலாம். மற்றவர்களுக்கு, எண்ணி முடிகிற அமர்வுகளில் செய்யும் குறுகிய வடிவங்களை மலன் காலத்திலிருந்தே வளர்த்திருக்கிறார்கள். பயன் உண்டா என்ற கேள்விக்கு, அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் ஜொனதன் ஷெட்லர் எழுதிய கட்டுரை, மற்ற பேச்சு சிகிச்சைகளுக்கு உளஇயக்கவியல் சிகிச்சை சளைத்ததல்ல என்று காட்டியது. நேரம் இல்லாத மருத்துவர்களுக்கும் ஒரு வழி உண்டு. மைக்கேல் பாலின்ட் லண்டனில் சாதாரண குடும்ப டாக்டர்களைக் கூட்டி, ஆளுக்கொரு நோயாளியைப் பற்றிப் பேசவைத்தார். அந்த அனுபவம் 1957இல் புத்தகமாகவும் வந்தது. அப்படிக் கூடிப் பேச ஓர் அறையும் தேநீரும் போதும். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் வாரம் ஒரு மதியம் அதற்கு ஒதுக்க முடியாதா?

கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாகப் பணியாற்ற இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் (ஆர்.சி.ஐ.) பதிவு வேண்டும். ‘கவுன்சலர்’ என்று பலகை மாட்டுபவரிடம் இன்றும் யாரும் எதுவும் கேட்பதாகத் தெரியவில்லை. சான்றிதழ் தரும் எந்தப் படிப்பும், மாணவர் எத்தனை மணி நேரம் சூப்பர்விஷனில் உட்கார்ந்தார் என்பதைச் சான்றிதழிலேயே அச்சிட வேண்டும். சூப்பர்வைசருக்குச் சம்பளம் கல்வி நிறுவனம் தர வேண்டும். இப்போது பல இடங்களில் மாணவர்தான் கைக்காசைக் கொடுக்கிறார். சிறு ஊரிலிருந்து வரும் பிள்ளைகள் அதனாலேயே சூப்பர்விஷனை விட்டுவிடுகிறார்கள்.

இவை நடைமுறைக்கு வரும்வரை, உங்கள் மகனையோ மனைவியையோ கவுன்சலரிடம் அழைத்துப் போகும்போது, உங்களுக்கு சூப்பர்வைசர் யார் என்று கேளுங்கள். இருபது வருட அனுபவம் உள்ளவரிடமும் கேட்கலாம். எனக்கும் ஒருவர் இருக்கிறார், கேட்டால் சொல்வேன். கேள்வியே புரியாதவர்போலப் பார்த்தால், கட்டணம் கட்டுமுன் எழுந்து வந்துவிடுங்கள்.