கடல் கடந்த சாட்சி

"சாட்சி சொல்லக் கூடியவர் வெளிநாட்டிற்குப் போய்விட்டார். இனி வழக்கு அவ்வளவுதானா?" சகோதரிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்கு விடை சொல்ல நமது திருகோணமலைக் கடற்கரையிலேயே ஒரு வழக்கு இருக்கிறது.

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, காந்தி சிலையருகே கூடியிருந்த மாணவர்களில் ஐவர் கொல்லப்பட்டனர். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டே வெடித்தது என்று முதலில் சொல்லப்பட்டது. உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததைப் படங்கள் காட்டிக்கொடுத்தன. அப்படங்களை எடுத்த பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அதே மாதம் 24ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். இதற்குப் பிறகு ஊரில் இருந்துகொண்டு சாட்சி சொல்ல யாருக்குத் துணிவு வரும்? கொல்லப்பட்ட மாணவர் ஒருவரின் தந்தை மரண விசாரணையில் துணிந்து பேசினார். அச்சுறுத்தல்கள் தொடர்ந்தன. அவரும் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று.

அடுத்து நடந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். இந்தக் கொலைகளையும், அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் மூதூரில் 17 தொண்டு நிறுவனப் பணியாளர் கொல்லப்பட்டதையும் விசாரிக்க உடலகம ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. 2008 இல் அந்த ஆணைக்குழு வெளிநாட்டிலிருந்த சாட்சிகளைக் காணொளித் தொடர்பு மூலம் கேட்கத் தொடங்கியது. ஆகவே வழி தெரியாமல் இருக்கவில்லை, கருவியும் இருந்தது. ஆனால் அதே ஆண்டில் மேலிடத்து உத்தரவினால் அது நிறுத்தப்பட்டது. என்னைப் பொறுத்தவரை இந்த வழக்கின் முதுகெலும்பு முறிந்தது அன்றுதான். ஆணைக்குழுவின் அறிக்கை வெளியே வந்ததும் 2015 இல்தான்.

2013 இல் விசேட அதிரடிப்படையினர் கைதாகிப் பின்னர் பிணையில் சென்றனர். 2019 ஜூலை 3ஆம் திகதி, சான்று போதாது என்று திருகோணமலை நீதவான் நீதிமன்றம் 13 பேரையும் விடுவித்தது. முக்கிய சாட்சிகள் உயிருக்கு அஞ்சி நாட்டில் இல்லை. அதனால் சான்று இல்லை. அதனால் வழக்கு இல்லை. இருந்தாலும் இது மேல் நீதிமன்றத்தில் முழு விளக்கம் நடந்து வந்த தீர்ப்பல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டம் 2015 இல் 4ஆம் இலக்கமாக வந்தது. 2023 இன் 10ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. நீதிமன்றத்திற்கு நேரில் வராமல் காணொளி மூலம் சாட்சியமளிப்பதற்குச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அப்படிச் சொல்லும் இடம் இலங்கைத் தூதரகம் என்றால், அரசபடைக்குப் பயந்து ஓடியவர் அந்தப் படியேறுவாரா? சட்டம் எழுதுகிறவர்கள் நம்மிடம் ஒருமுறை கேட்டிருக்கலாம்.

எல்லைக்கு அப்பால் வேறொன்றும் நடக்கிறது. 2008, 2009 இல் கொழும்பிலும் அயலிலும் கடத்தப்பட்ட 11 பேர் தொடர்பான வழக்கில் நமது துறைமுகத்துக் கடற்படைத் தளத்தின் பெயர் அடிபட்டது. அங்கிருந்த நிலத்தடித் தடுப்பிடத்தை ஐ.நா. செயற்குழு 2015 நவம்பரில் நேரில் பார்த்தது. முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட மீதான குற்றச்சாட்டுகளைத் தொடரப் போவதில்லை எனச் சட்டமா அதிபர் 2021 இல் அறிவித்தார். கரன்னாகொட குற்றச்சாட்டுகளை மறுக்கிறார். 2023 இல் அமெரிக்கா அவருக்கு நுழைவுத் தடை விதித்தது, 2025 மார்ச்சில் பிரித்தானியாவும் தடை விதித்தது. தடை என்பது தீர்ப்பல்ல. விசாவை மறுக்கலாம், அங்குள்ள சொத்தை முடக்கலாம். பிள்ளை எங்கே என்ற தாயின் கேள்விக்கு அது பதில் தராது. ஆனாலும் பதினாறு, பதினேழு வருடங்களாக நீதிமன்ற வாசலில் நின்ற தாய்மார் சேர்த்துவைத்த கடிதங்களும் முறைப்பாடுகளும் இல்லாவிட்டால் அதுகூட நடந்திராது.

ஆகவே வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு எழுதுங்கள். கண்டதை, திகதி, நேரம், இடம், உடை, வாகனம் எல்லாவற்றோடும் இப்போதே எழுதி வைக்கட்டும். அந்தந்த நாட்டுச் சட்டத்தரணி முன்னால் சத்தியக் கடதாசியாக முடித்தால் இன்னும் நல்லது. உங்களிடமுள்ள பொலிஸ் முறைப்பாடு, மனித உரிமை ஆணைக்குழு, செஞ்சிலுவைச் சங்கப் பற்றுச்சீட்டுகளைப் பிரதியெடுத்து, ஒன்றை வீட்டிலும் மற்றதை நம்பிக்கையான இன்னொரு இடத்திலும் வையுங்கள். மூலப்பிரதியை யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள்.