மேலே ஒரு கோட் பெயிண்ட்

"ஒரு கோட் அடிச்சி விட்டா புதுசு மாதிரி ஆயிடுங்க." பழைய கொலு பொம்மைகளை வாங்கி விற்கிறவர்களிடம் கேட்டுக் கேட்டுப் புளித்த வசனம் இது. அந்த 'மாதிரி'யில்தான் வியாபாரமே இருக்கிறது. இதை மோசடி என்று சொல்ல நமக்கு ஏன் இத்தனை தயக்கம்? சாமி பொம்மை என்பதாலா?

நான் இருப்பது கோலா தெர்லாவில். மழை மாதங்களில் துவைத்துப் போட்ட துணி மறுநாளும் காயாது. பண்ருட்டி வெயிலில் காய்ந்த காகிதக்கூழ் பொம்மைக்கு கேமரன் மலையின் ஈரம் எமன். பெட்டிக்குள் கிடந்தே ஊறிப்போகும், பூஞ்சை பிடிக்கும், மூக்கு நுனி உதிரும். அப்படிப்பட்டதைக் குறைந்த விலைக்கு வாங்கி, ஈரத்துணியால் துடைத்து (பழைய வண்ணத்தில் பாதி துணியோடு வந்துவிடும்), உதிர்ந்த இடத்தில் பட்டி பார்த்து, மேலே பளபளவென்று எனாமல் அடிக்கிறார்கள். நவராத்திரிக்கு இரண்டு வாரம் முன்னால் வாட்ஸ்அப்பில் படம் வருகிறது: 'பழங்காலத்து செட், பாட்டி வீட்டுச் சொத்து'. உள்ளே மாட்டிய ஈரம் வெளியேற வழியில்லை. தைப்பூசத்துக்குள் பெயிண்ட் கொப்புளம் விடும். வாங்கியவரோ, தான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று தன்னையே நொந்துகொள்வார்.

யாருடைய பாட்டி? என் பாட்டி லயத்து வீட்டில் கொலு வைத்ததே இல்லை. அவருக்கு மாரியம்மன் திருவிழாதான் எல்லாம். எங்கள் குடும்பத்துக்குக் கொலு பிந்தி வந்த பழக்கம். பழசு எப்படியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைக்குத்தான் விலை வைக்கிறார்கள்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமிலிருந்து வருகிற வார்ஹேமர் விளையாட்டைப் பாருங்கள். 1983-இல் தொடங்கியது. கட்டைவிரல் உயரச் சிப்பாய்களை வாங்குகிறவரே ஒட்டி வண்ணம் தீட்டி மேசையில் போர் நடத்த வேண்டும். அதற்கும் பழைய பொருள் சந்தை உண்டு. தடித்த பெயிண்ட் முகத்தின் நுணுக்கத்தை அடைத்துவிடும் என்பதால் அங்கே வண்ணத்தை ஏற்றுவதைவிட இறக்கத்தான் மெனக்கெடுகிறார்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்க்கிறார்கள். உலோகச் சிப்பாய் அசிட்டோனையும் தாங்கும், பிளாஸ்டிக் கரைந்துவிடும். பிறகு நல்ல விற்பனையாளர் எழுதுவார்: வண்ணம் நீக்கியது, இடது கை மாற்றியது, வாள் இல்லை. அங்கேயும் கள்ள வார்ப்பை அசல் என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் அதைத் திருட்டு என்று சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை. விளையாட்டுச் சிப்பாய்க்குக் கிடைக்கிற இந்த மரியாதை நம்ம வீட்டு லட்சுமிக்கு இல்லை.

மண்ணையும் காகிதக்கூழையும் அப்படி ஊறவைக்க முடியாது, உண்மைதான். நான்கு கோட் ஏறிவிட்டால் வள்ளிக்கும் தெய்வானைக்கும் ஒரே முகம், திரும்ப எடுக்க வழி கிடையாது. அதனால்தான் அடிக்காதீர்கள் என்கிறேன். வருஷா வருஷம் வண்ணம் பூசுவது மரபுதானே என்பார்கள். வீட்டில் பூசுங்கள், யார் கேட்டது? உங்கள் பொம்மையின் கதை உங்களுக்குத் தெரியும். விலைக்கு வாங்குகிறவருக்கு அது தெரியாதே.

மரப்பாச்சியில் செய்வது இன்னும் மோசம். செஞ்சந்தன மரத்தில் கடைந்த ஆணும் பெண்ணுமான ஜோடி அது. குழந்தை கையில் முதலில் கொடுக்கிற பொம்மை, வாயில் வைத்துக் கடிக்கிற பொம்மை. கல்லில் உரசி மருந்தாகக் கொடுக்கிற வழக்கமும் உண்டு. எண்ணெய் ஏறிக் கறுத்த அந்த மரம் படத்தில் எடுபடாதாம், அதனால் சிவப்பு எனாமலும் தங்கக் கரையும் தீட்டுகிறார்கள். அந்தப் பூச்சுக்கு அடியில் செஞ்சந்தனமா, ஏதோ சில்லறை மரமா என்று யார் கண்டது? வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய டின்னில் எவ்வளவு இருந்தது என்று அடித்தவருக்கே தெரியாது. ஈயம் குழந்தையின் மூளையைப் பாதிக்கிற விஷம். ஒரு விற்பனையாளரிடம் கேட்டேன். "பிள்ளைங்க கையில கொடுக்க மாட்டாங்க, ஷோவுக்குத்தான்" என்றார். சரி, அதையாவது ஒரு அட்டையில் எழுதி வைக்கலாமே என்றேன். எழுதினால் விற்காதாம்.

விற்பதற்குத் தயார் செய்ய என்ன பெரிய வேலை? காய்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்ட வேண்டும். தண்ணீர் வேண்டாம். விரிசலை விரிசலாகவே விட வேண்டும். ஏற்கெனவே பூசியிருந்தால் எப்போது, எதனால் என்று சொல்ல வேண்டும். விலை குறையுமா? குறையட்டும்.

இந்த வருஷம் வாங்கப் போகிறவர்கள் கேளுங்கள்: என்ன மரம், என்ன பெயிண்ட், எந்த வருஷம் அடிச்சது? பதில் வரவில்லையென்றால் பொம்மையை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். ஏழு படி ஐந்தானால் அம்பாள் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டாள்.