வானத்துல இன்ஜின்... கையில சுவிட்ச்!

பைக்கின் வலது கைப்பிடியில் இருக்கும் சிவப்பு சுவிட்சைத் தட்டினால் இன்ஜின் அணைந்துவிடும். பெட்ரோலில் பறக்கும் மாடல் விமானத்துக்கும் அப்படி ஒரு 'கில் சுவிட்ச்' உண்டு. தட்டுவது மட்டும் தரையிலிருந்து!

ரிமோட்டின் ஒரு சேனல் மூலம் இயங்கும் இது, இக்னிஷனுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். த்ராட்டில் கம்பி கழன்று இன்ஜின் முழு வேகத்தில் சிக்கிக்கொண்டாலும், தீப்பொறி இல்லையென்றால் அடங்கித்தானே ஆகவேண்டும்? (விரலையே துண்டாக்கும் புரொப்பல்லர் அது!)

போடிமெட்டு போன்ற மலைச்சரிவில் இன்னொரு சிக்கல். மேட்டுக்கு அந்தப் பக்கம் விமானம் மறைந்தால் சிக்னலும் போய்விடும். பிறகு சுவிட்சைத் தட்டிப் பலனில்லை. சிக்னல் அறுந்ததும் இக்னிஷன் தானாக அணையும்படி 'ஃபெயில்சேஃப்' செட் செய்திருக்க வேண்டும். 2018 மார்ச் 11-ல் குரங்கணித் தீயைப் பார்த்த மலைகள் இவை. காய்ந்த புல்லில், ஓடும் இன்ஜினோடு பெட்ரோல் டேங்க் விழுந்தால்?

பறக்கவிடும் முன், ஒருவர் விமானத்தை இறுகப் பிடித்துக்கொள்ள, மெதுவாக ஓடும் இன்ஜினோடு ரிமோட்டை ஆஃப் செய்து பாருங்கள். இன்ஜின் நிற்கவில்லையா? அன்றைக்குப் பறக்கவிடவே வேண்டாம்.