பக்கத்துக் குரல்

செகந்திராபாத்தில் டிசம்பர் மாதக் கச்சேரிக்குப் பெரிய மேடை தேவையில்லை. ஒரு ஷாமியானா, வாடகை ஒலிபெருக்கி, கிடைக்கிற பிளாஸ்டிக் நாற்காலிகள் போதும். எங்கள் குடியிருப்பில் நடந்ததும் அப்படித்தான். கிறிஸ்தவப் பாடகர் ஒருவர், அக்கம்பக்கத்துப் பள்ளிகளிலிருந்து நாற்பது குழந்தைகள், நாலு மொழிகளில் பாட்டு. தமிழ்ப் பாட்டின் சொற்களையும் பொருளையும் சொல்லித்தரும் வேலை எனக்கு. குழந்தைகள் அவற்றைத் தெலுங்கிலும் உருதுவிலும் எழுதிக்கொண்டார்கள்.

ஒத்திகையின் மூன்றாம் நாள் ஒரு தகப்பனார் என்னை ஓரமாக அழைத்தார். தமிழர். “தப்பா எடுத்துக்காதீங்க சார். எம் பொண்ணு ஏசு பாட்டெல்லாம் பாடித்தான் ஆகணுமா?” அந்தப் பெண் படிப்பது கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவரே முந்திக்கொண்டார். “ஸ்கூல் வேற சார், அது படிப்பு. பாட்டு மனசுக்குள்ள போயிடும்.”

சிரிக்க முடியவில்லை. பாட்டின் பலத்தை அவர் சரியாகவே எடைபோட்டிருந்தார்.

அவருடைய பயம் அவருக்கு மட்டும் உரியதல்ல. 2018 ஆகஸ்டில், சென்னையில் ஏசுவைப் பற்றிய கர்நாடக இசை நிகழ்ச்சியில் பாட ஒப்புக்கொண்ட ஓ.எஸ். அருண் கடும் எதிர்ப்புக்குப் பிறகு விலகிக்கொண்டார். வேறு சில வித்வான்கள் மீதும் வசைகள் பொழிந்தன. பதிலுக்கு டி.எம். கிருஷ்ணா, ஏசுவையோ அல்லாவையோ பற்றி மாதம் ஒரு கர்நாடகப் பாட்டு வெளியிடப்போவதாக அறிவித்தார். இந்த அமளியில் ஒரு பெயர் மறந்துபோயிற்று: மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1826இல் பிறந்த கிறிஸ்தவர், மாயூரத்தில் முன்சீஃபாக இருந்தவர், தமிழின் முதல் நாவலை எழுதியவர். அவர் இயற்றியவற்றுக்குச் சூட்டிய பெயரே ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’. அவற்றைச் சபாக்களில் பாடியவர்கள் யாரும் மதம் மாறிவிடவில்லை.

எதிர்த்திசையில் போனவர் கே.ஜே. யேசுதாஸ். 1940இல் ஃபோர்ட் கொச்சியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அவரைச் சீடராக ஏற்றவர்களில் செம்பை வைத்தியநாத பாகவதரும் ஒருவர். செம்பைக்கு உயிர் குருவாயூரப்பன். ஆனால் அந்தக் கோயிலுக்குள் போக அவருடைய சீடருக்கு அனுமதி கிடைக்கவில்லை. சபரிமலையிலோ, இரவு நடை சாத்தும்போது ஒலிபெருக்கியில் வருவது அதே யேசுதாஸின் குரல்.

அந்தக் குரல் சினிமாவுக்காக முதன்முதலில் ஒலித்தது 1961இல், ‘கால்பாடுகள்’ என்ற மலையாளப் படத்துக்காக. பாடியது சாதி, மத பேதம் வேண்டாம் என்னும் நாராயண குருவின் வரிகளை. ஈழவ சமூகத்தில் பிறந்த துறவியின் சொல், கிறிஸ்தவ இளைஞனின் தொண்டை. இசையமைத்தவர் எம்.பி. ஸ்ரீனிவாசன். சித்தூரில் பிறந்த தமிழர், கம்யூனிஸ்ட். ஜாலியன்வாலா பாக் நாட்களின் தலைவர் சைஃபுதீன் கிச்லூவின் மகளை மணந்தவர்.

எம்.பி.எஸ். பிற்பாடு தன் காலத்தில் பெரும்பகுதியைச் சேர்ந்திசைக்கே கொடுத்தார். சென்னை இளைஞர் இசைக்குழுவை உருவாக்கினார். பள்ளிக் குழந்தைகளை ஆயிரக்கணக்கில் திரட்டி, அவர்கள் அறியாத மொழிகளிலும் பாட வைத்தார். 1988 மார்ச்சில் லட்சத்தீவில் காலமானார். அங்கே போனதும் சேர்ந்திசைக்காகத்தான்.

தனியாகப் பாடுகிறவன் தன் குரலைக் கேட்டால் போதும். சேர்ந்து பாடுகிறவன் பக்கத்தில் இருப்பவன் குரலையும் கேட்டாக வேண்டும். அந்தக் குரல் அமுங்கிவிட்டால் தன்னுடையது அதிகம் என்று அர்த்தம். குழந்தைகளுக்கு இதைச் சொன்னால் புரியாது. பாட வைத்தால் இரண்டு நாளில் புரிந்துவிடுகிறது. சகிப்புத்தன்மை பற்றிய பாடங்களை மனப்பாடம் செய்து ஒப்பித்துப் பத்து மதிப்பெண் வாங்குவதைவிட இது உருப்படியான காரியம்.

இத்தனையையும் அந்தத் தகப்பனாரிடம் நான் சொல்லவில்லை. “பாட வேண்டாமென்றால் கட்டாயமில்லை. ஆனால் உங்க பொண்ணையும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க” என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

கச்சேரியன்று அந்தப் பெண் இரண்டாம் வரிசையில் நின்றாள். ஒரு பக்கம் முக்காடிட்ட சிறுமி, மறுபக்கம் கழுத்தில் சிலுவை போட்ட பையன். கடைசி நாற்காலியில் தகப்பனார். அந்தப் பாட்டு வந்தபோது எழுந்து போய்விடுவாரோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் அசையவில்லை.

எல்லாம் முடிந்து நாற்காலிகளை மடக்கும்போது என்னிடம் வந்தார். மனசு மாறியதாகவோ மகிழ்ந்ததாகவோ சொல்லவில்லை.

“ரெண்டாவது சரணத்துல பசங்க சுருதி கொஞ்சம் விலகிடுச்சு சார். கவனிச்சீங்களா?”

நான் கவனிக்கவில்லை. அவர் கவனித்திருக்கிறார்.