காக்காத் தலைக்கு எத்தனை பாயிண்ட்?

"வேஸ்ட்"னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, வால்ஹைம் ஆடுற இடத்துல அதைத் தடை பண்ணணும்.

தெரியாதவங்களுக்கு: ஸ்வீடன்காரங்க 2021 பிப்ரவரியில் வெளியிட்ட கேம். வைக்கிங் ஆளாப் போய் மரம் வெட்டணும், வீடு கட்டணும், ராட்சசங்களை அடிக்கணும். சனிக்கிழமை ராத்திரி ஆபீஸ் ஆணியெல்லாம் பிடுங்கி முடிச்சுட்டு, புனே, குர்காவ், ஹைதராபாத்னு ஆளுக்கொரு மூலையில இருந்து நாங்க நாலு பேர் ஆடுறோம். கட்டடம் என் இலாகா.

கூரை முனையில வைக்க காக்காத் தலை, ஓநாய்த் தலைன்னு மரவேலைத் துண்டுகள் உண்டு. நான் வச்சா உடனே ஒருத்தன், "மச்சி, இதுக்கு எத்தனை பாயிண்ட்? வேஸ்ட்டுடா!"

அவன் கணக்கு இது. வீட்டுக்குள்ள வசதி மதிப்பெண் ஒண்ணு இருந்தா எட்டு நிமிஷம் களைப்பு சீக்கிரம் ஆறும். கூடுற ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் இன்னொரு நிமிஷம். நாற்காலி, கம்பளம், கொடிக்கெல்லாம் மதிப்பெண் உண்டு. காக்காத் தலைக்கு சைபர்.

சரி, மதிப்பெண் கிடைக்கிற சாமானோட கதி என்ன? அதே புண்ணியவான் வீட்டுக்குள்ள போய்ப் பாருங்க. ஒரே வகையில எத்தனை வச்சாலும் ஒண்ணுதான் கணக்குங்கிறதால, வகைக்கொண்ணா வாங்கிப் போட்ட மாதிரி கட்டிலைச் சுத்திக் குவிச்சிருப்பான். உட்கார முடியாத நாற்காலி, சுவத்துல முட்டுற மேஜை. வீடா அது? பழைய சாமான் கடை :-) காக்காவுக்கும் ஒரு மதிப்பெண் குடுத்திருந்தா அதையும் கட்டிலுக்கு அடியில சொருகியிருப்பான். சைபரா இருக்கிறதாலதான் அது கூரையில இருக்கு.

கூரை முனை அலங்காரம் ஒண்ணும் கேம்காரங்க கற்பனையும் இல்லை. நார்வேயில போர்குண்ட் மரத் தேவாலயம், 12-ஆம் நூற்றாண்டோட கடைசியில கட்டினது, இன்னும் நிக்குது. கூரை உச்சியில டிராகன் தலைகள், மரமெல்லாம் தார்ப் பூச்சு. உர்னெஸ்ல இன்னும் விசேஷம். பழைய தேவாலயத்தைப் பிரிச்சப்போ, அதோட செதுக்கின கதவையும் பலகைகளையும் புதுசுல பதிச்சாங்க. 1979-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துச்சு. பிரிச்ச வீட்டுல இருந்து எதைச் சுமந்துக்கிட்டு வந்தாங்க பாத்தீங்களா?

நம்ம கதை வேற. பதினோரு மாச அக்ரிமெண்ட், சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது, அடிச்சா டெபாசிட்ல பிடிப்பாங்க. காலண்டரையே ஒட்டும் கொக்கியில மாட்டிக்கிட்டு, அதுவும் ராத்திரி தொப்புனு விழ, காலம் ஓடுது. யாரையும் கேக்காம நான் எதையாவது பதிக்கிற ஒரே கூரை இதுதான். அதுலயும் வந்து கணக்கு கேட்டா எப்படிங்க?

தெற்குக் கூரை பாக்கி. கருமரக் கூரை போடத் தார் வேணும், 2021 செப்டம்பர் அப்டேட்ல அப்படி வச்சுட்டாங்க. தார்க் குட்டை இருக்கிறதோ கொசு கடிச்சாலே ஆள் காலியாகுற சமவெளியில. வர்ற சனிக்கிழமை போறேன். பாயிண்ட் கேக்காத ஆளுங்க மட்டும் வாங்க.