காட்டைக் கற்பதும் கற்றதை உரைப்பதும்

கோடை விடுமுறை வந்ததும் எமது பிள்ளைகள் கடைகளிலும் உணவகங்களிலும் வேலை தேடுவது வழமை. குடும்பச் சுமை உணர்ந்து அவர்கள் புரியும் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், அமெரிக்காவில் பட்டப்படிப்பு மாணவர்கள் உதவித்தொகை பெற்றுக்கொண்டே கோடையில் விஞ்ஞான ஆய்வில் ஈடுபடலாம் என்பதை எமது குடும்பங்கள் அறிந்திருத்தல் அவசியம்.

நியூ ஹாம்ஷயர் மாநிலத்து வெள்ளை மலைகளில் 1955ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஹப்பார்ட் புரூக் ஆய்வுக்காடு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அங்கு 1963இல் மழைநீரை ஆராயத் தொடங்கிய ஜீன் லைக்கன்ஸ், ஹெர்பர்ட் போர்மன் முதலானோர், அதில் எதிர்பாராத அளவு அமிலம் கலந்திருக்கக் கண்டனர். தொலைவிலுள்ள மின்நிலையங்கள் நிலக்கரி எரித்து வெளியேற்றிய கந்தகமே முதன்மைக் காரணம் எனப் பின்னர் தெளிவாயிற்று. மண்ணின் கல்சியத்தை அமில மழை கரைத்துச் செல்ல, மரங்கள் நலிந்தன. இவ்வுண்மை ஆய்வேடுகளில் உறங்கியிருப்பின் பயன் விளைந்திராது. விஞ்ஞானிகள் அதனை மக்களிடமும் ஆட்சியாளரிடமும் இடையறாது எடுத்துரைத்தனர். கந்தக வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டத்திருத்தம் நிறைவேறியது 1990இலேயே. இடைப்பட்டவை இருபத்தேழு ஆண்டுகள்!

அக்காட்டில் நடைபெற்று வந்த கோடைகாலத் திட்டம், மரத்தையும் மண்ணையும் அளக்கக் கற்பித்ததோடு, கண்டறிந்ததைப் பொதுமக்களுக்கு விளங்க உரைக்கவும் மாணவரைப் பயிற்றியது. உண்மை கையிலிருந்தால் மட்டும் போதாது, கேட்பவர் விளங்கும்படி அது சொல்லப்படவும் வேண்டும் என்பதைத் தஞ்ச விசாரணைகளில் நின்ற எமக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆனால் இவ்வாயில் அனைவருக்கும் திறந்திருக்கவில்லை. இத்தகைய திட்டங்களுக்கு அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிதியம் வழங்கும் உதவித்தொகையைப் பெற அந்நாட்டுக் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ வேண்டும். தஞ்சக் கோரிக்கைக்கு முடிவு கிட்டாது ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் இளையோர், தகுதியிருந்தும் வெளியிலேயே நிற்கின்றனர். காத்திருக்கும் காலம் அவர்களது கல்வியையும் விழுங்கிவிடலாகாது. பல்கலைக்கழகங்கள் தமது சொந்த நிதியிலிருந்தேனும் இவர்களுக்கு இடமளிக்க வேண்டுமென நாம் வலியுறுத்துகிறோம்.

வதிவிட உரிமை பெற்ற பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மருத்துவமும் பொறியியலும் மட்டுமே கல்வியல்ல. மழைநீரை அளந்தவர்களின் பணி ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்ற உதவியது. கோடைத் திட்டங்களுக்கான விண்ணப்ப நாள் பெரும்பாலும் குளிர்காலத்திலேயே முடிந்துவிடுகிறது. காட்டுக்குச் சென்று கற்க விரும்பும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். அவ்வாய்ப்பை அறியாத பிள்ளைக்கு நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.